இல்லத்தின் வரவுசெலவு: சிறுசெலவும் சிறப்புச்செலவும்

பொருளியல் என்னும் சொல்லைக் கேட்டவுடன் நம் மனக்கண்முன் தோன்றுவன வங்கிகளும், ஏற்றுமதி இறக்குமதிகளும், அரசாங்கத்தின் வரவுசெலவுத் திட்டமுமே. ஆயினும், ஐரோப்பிய மொழிகள் இத்துறைக்கு இட்டு வழங்கும் பெயர் இல்லத்திலே பிறந்ததாகும். கிரேக்க மொழியில் 'ஒய்க்கொஸ்' என்பது இல்லம். 'நொமொஸ்' என்பது ஒழுங்கு. இவ்விரு சொற்களின் அடியாகப் பிறந்த பெயர், முதலில் இல்லத்தை முறையாக நடத்தும் கலையையே குறித்தது. கி.மு. நான்காம் நூற்றாண்டில் வாழ்ந்த செனபன் என்னும் கிரேக்க ஆசிரியர் இக்கலையைப் பற்றி உரையாடல் வடிவிலே தனிநூல் ஒன்றும் இயற்றினார். நாட்டின் பொருளியலைக் கற்கும் மாணவர் பலர் தம் வீட்டின் பொருளியலை அறியாதிருத்தல் இந்தப் பழைய உறவை மறந்ததன் விளைவெனலாம்.

நம் மொழியிலும் இவ்விரண்டும் பிரிந்திருந்தில்லை. திருவள்ளுவர் பொருட்பாலில், அரசியலைக் கூறும் பகுதியில், வலியறிதல் என்னும் அதிகாரத்தை வைத்தார். பகைவர் வலியையும் தன் வலியையும் எடைபோட வேண்டிய அரசனுக்குக் கூறப்படும் அவ்வதிகாரத்தின் இறுதிப் பகுதி முழுவதும் வருவாயையும் செலவையும் பற்றியதாகவே அமைந்துள்ளது. வருவாயின் வழி சிறிதாயினும், செலவின் வழி அதனினும் அகலாதிருப்பின் கேடில்லை என்பது அவர் கருத்து. கொடுப்பதையும் அளவறிந்து கொடுத்தல் வேண்டும் என்பதும், தன் நிலையை எண்ணாது செய்யும் ஒப்புரவும் செல்வத்தை விரைவிற் கெடுக்கும் என்பதும் அவ்வதிகாரத்திலேயே வருகின்றன. ஈகையையும் ஒப்புரவையும் தனித்தனி அதிகாரங்களிற் போற்றிய அப்புலவரே அவற்றுக்கும் ஓர் எல்லை உண்டென இங்குக் கூறுகின்றார். இல்லத்தின் செலவை ஆராய்வார்க்கு இது நல்ல தொடக்கமாகும். ஏனெனில், நம் இல்லங்களிற் பெரும்பாலும் கணக்குக்குள் வாராது போகும் செலவுகள் இருவகை: ஒன்று, சிறியதென்று எண்ணி விடப்படும் செலவு, மற்றையது, சிறப்பென்று எண்ணிக் கேள்வியின்றிச் செய்யப்படும் செலவு.

பழைய யாழ்ப்பாணத்து இல்லத்தில் வருவாய் பருவத்தைத் தழுவி வந்தது. நெல் அறுவடையும் புகையிலை விற்பனையும் ஆண்டிற் குறித்த காலங்களில் நிகழ்ந்தன. பனையின் பயனும் அவ்வாறே. வீட்டின் செல்வம் காணியாகவும் நகையாகவும் களஞ்சியத்து நெல்லாகவும் கண்முன்னே இருந்தது. குறைந்தால் உடனே தெரிந்தது. 1707 ஆம் ஆண்டில் யாழ்ப்பாணத்துத் திசாவையாயிருந்த கிளாஸ் ஐசாக்ஸ் தொகுத்த தேசவழமை, பின்னர் 1806 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்க ஒழுங்குவிதியாற் சட்டவலுப் பெற்றது. அத்தொகுப்பிற் குடும்பச் சொத்தானது முதுசம், சீதனம், தேடியதேட்டம் என வகுக்கப்பட்டிருத்தலை நாம் அறிவோம். முன்னோரிடமிருந்து வந்தது எது, மணத்தோடு வந்தது எது, கணவனும் மனைவியும் கூடி ஈட்டியது எது என்று பகுத்துணரும் வழக்கம் இச்சமுதாயத்தில் ஆழ வேரூன்றியிருந்தது. சொத்தைப் பகுத்தறிந்த நாம் செலவைப் பகுத்தறியும் பழக்கத்தை அதே அளவில் வளர்த்துக்கொண்டிலோம். மாதச் சம்பளமும் வெளிநாட்டிலிருந்து உறவினர் அனுப்பும் பணமும் வருவாயாக அமைந்த இற்றைநாளில் அக்குறை பெரிதும் புலப்படுகின்றது. களஞ்சியத்தில் நெல் குறைவது கண்ணுக்குத் தெரியும். வங்கிக் கணக்கிற் பணம் குறைவது தேடிப் பார்ப்பார்க்கே தெரியும்.

இக்குறையின் விலையை 2022 ஆம் ஆண்டு நமக்கு உணர்த்திற்று. அவ்வாண்டு மார்ச் மாதத் தொடக்கத்தில் ஓர் அமெரிக்க டொலருக்கு ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த நாணயமாற்று, மே மாதத்தில் 360 ரூபாவையும் எட்டியது. ஏப்ரில் 12 ஆம் நாள் அரசாங்கம் வெளிநாட்டுக் கடன்களைத் திருப்பிச் செலுத்துவதை இடைநிறுத்துவதாக அறிவித்தது. கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி, செப்டெம்பர் மாதத்திற் பணவீக்கம் 69.8 வீதமாயிற்று. அடுத்த ஆண்டு செப்டெம்பரில் அது 1.3 வீதமாகக் குறைந்தது. இவ்விரண்டாம் எண்ணைக் கேட்ட பலர், "பணவீக்கம் குறைந்தது என்கிறார்கள், கடையில் விலை குறையவில்லையே" என்று வியந்தனர். இவ்வியப்புக்கு இடமில்லை. பணவீக்கம் என்பது விலை அன்று. விலை ஏறும் வேகம். 2021 செப்டெம்பரில் 100 ரூபாவுக்கு வாங்கிய பொருட்தொகுதி, ஓராண்டின்பின் ஏறத்தாழ 170 ரூபாவாயிற்று. அதற்கு அடுத்த ஆண்டில் 172 ரூபா அளவிலே நின்றது. ஏறிய படியினின்று விலை இறங்கிற்றில்லை. மேலும் விரைந்து ஏறாது நின்றது, அவ்வளவே. ஆகவே, பழைய விலை மீண்டும் வருமென்று காத்திருக்கும் இல்லம் ஏமாற்றமடையும். புதிய விலைக்கு ஏற்பச் செலவின் வழியைத் திருத்திக்கொள்ளும் இல்லமே நிலைக்கும்.

அத்திருத்தத்தை எங்கே தொடங்குவது என்பதை விளக்க, ஓர் இல்லத்தை எடுத்துக்காட்டாகக் கற்பித்துக்கொள்வோம். தந்தையார் ஆசிரியர். தாயார், பாட்டியார், இரு பிள்ளைகள் என ஐவர் கொண்ட குடும்பம். மாத வருவாய் 100,000 ரூபா. அரிசி, மரக்கறி, மருந்து, பிள்ளைகளின் கல்வி ஆகியவற்றில் இக்குடும்பம் சிக்கனமாகவே இருக்கின்றது. சந்தையில் ஒரு கத்தரிக்காய்க்கும் பேரம் பேசுகின்றது. எனினும், ஆண்டு முடிவிலே சேமிப்பு இல்லை, கடன் உண்டு. காரணம் யாது?

முதலிற் கைத்தொலைபேசியை நோக்குவோம். இலங்கையிற் கைத்தொலைபேசிச் சேவை 1989 ஆம் ஆண்டிலே தொடங்கியது. அக்காலத்தில் அது செல்வந்தர் சிலரின் பொருளாக இருந்தது. இன்று மாணவர் பாடத்துக்கும், நோயாளர் வைத்தியரோடு பேசுதற்கும், கடல்கடந்த மகன் தாயின் முகம் காண்பதற்கும் அது வேண்டியதாயிற்று. ஆதலால் அதனை வீண்செலவென்று ஒதுக்குதல் பொருந்தாது. அதன் அளவை அறிதலே வேண்டும். நம் எடுத்துக்காட்டு இல்லத்தில் வீட்டு இணைய இணைப்புக்கு மாதம் 3,000 ரூபா, தந்தையாரின் தொலைபேசிக்கு 1,500, தாயாரினதற்கு 1,000, பாட்டியாரினதற்கு 200. மூத்த மகன் இரண்டு நாளுக்கொருமுறை 100 ரூபாவுக்கு டேற்றா போடுகின்றான்; அது மாதத்தில் 1,500 ரூபாவாகின்றது. கூட்டினால் 7,200 ரூபா. ஆண்டுக்கு 86,400 ரூபா. நூறு ரூபா எவர்க்கும் பெரிதாகத் தோன்றாது. எண்பத்தாறாயிரம் அவ்வீட்டினரைத் திடுக்கிடச் செய்யும். ஆயினும் இரண்டும் ஒன்றே.

இத்தகைய செலவை அளக்க மூன்று வினாக்கள் போதும். முதலாவது, ஒரே பயனுக்கு இருமுறை பணம் கொடுக்கின்றோமா? வீட்டிலே இணைய இணைப்பு இருக்க, வீட்டிலிருக்கும் மகன் வேறாக டேற்றா வாங்குதல் இருமுறை கொடுத்தலாகும். இரண்டாவது, வாங்கியதை முழுதும் பயன்படுத்துகின்றோமா? டேற்றாப் பொதிகளுக்குக் காலவரையறை உண்டு. அக்காலம் முடிந்தவுடன் எஞ்சியது பெரும்பாலும் அழிந்துபோம். ஆதலால் பெரிய பொதி எப்பொழுதும் மலிவானதன்று. எஞ்சி அழியும் பகுதியைக் கழித்துப் பார்த்தே மலிவைத் துணிய வேண்டும். மூன்றாவது, விளம்பரத்திற் காணும் விலையே நாம் கொடுக்கும் விலையா? வரிகள் அதனோடு சேர்ந்தனவா, சேராதனவா என்று நோக்குதல் வேண்டும். பெறுமதி சேர் வரி 2024 சனவரி முதலாம் நாள்தொட்டு 18 வீதமாக உயர்ந்தமையை இங்கு நினைவுகூர்தல் நன்று. அன்றியும், மிகுதிப் பணம் முடிந்தவிடத்துச் சேவை நிறுவனம் தரும் சிறு முற்கடனுக்கும் கட்டணம் உண்டு. கடன் சிறிதாயினும், அடுத்தடுத்துப் பெறுவார்க்கு அக்கட்டணம் சிறிதன்று.

மின்சாரமும் இவ்வாறே கண்ணுக்குத் தெரியாமற் செல்வது. 2022 ஓகஸ்டில் மின்கட்டணம் சராசரியாக 75 வீதமும், 2023 பெப்ரவரியில் மேலும் 66 வீதமும் உயர்த்தப்பட்டன. இவ்விரண்டையும் கூட்டி 141 வீதம் என்று கொள்ளுதல் பிழை. முதலில் 100 ஆனது 175 ஆகி, அந்த 175 இன் மேல் 66 வீதம் ஏறியது. ஆகவே முடிவு ஏறத்தாழ 290. ஏறக்குறைய மூன்று மடங்கு என்பதே உண்மை. பின்னர்க் குறைப்புகளும் ஏற்றங்களும் நிகழ்ந்தன. கட்டணத் தொகை எவ்வாறு மாறினும், அதன் அமைப்பை அறிந்துகொள்ளுதல் பயன்தரும். அண்மைய ஆண்டுகளின் அட்டவணைகளில் மாதத்துக்கு 60 அலகு என்பது ஒரு முக்கியமான எல்லையாக இருந்தது. அவ்வெல்லைக்குள் நிற்கும் வீட்டுக்கு ஒரு வகைக் கணிப்பு; அதனைத் தாண்டிய வீட்டுக்கு முதல் அலகிலிருந்தே வேறொரு கணிப்பு. நிலையான மாதக் கட்டணமும் படிப்படியாக உயரும். ஆதலால் எல்லையைத் தாண்டுவிக்கும் அந்த ஓர் அலகின் விலை, உண்மையில் ஓர் அலகின் விலையன்று. மாத நடுவிலே மின்மானியை ஒருமுறை பார்த்துக் குறித்துவைக்கும் பழக்கம் உள்ள வீடு அந்த எல்லையை முன்னரே காணும்.

இனி, சிறப்புச்செலவுக்கு வருவோம். நம் சமுதாயத்தில் திருமணம், பூப்புனித நீராட்டு, குடிபுகுதல், பிறந்தநாள் என அன்பளிப்புக் கொடுக்கும் வாய்ப்புகள் பல. நம் எடுத்துக்காட்டு இல்லம் ஓராண்டில் நெருங்கிய உறவினர் திருமணங்கள் மூன்றுக்கு 15,000 ரூபா வீதமும், ஏனைய திருமணங்கள் ஒன்பதுக்கு 5,000 ரூபா வீதமும், பிற வைபவங்கள் பத்துக்கு 2,000 ரூபா வீதமும் கொடுத்தது. மொத்தம் 110,000 ரூபா. தொலைபேசிச் செலவோடு சேர்த்தால் 196,400 ரூபா. அஃதாவது, பன்னிரண்டு மாத வருவாயில் ஏறத்தாழ இரண்டு மாத வருவாய், எவரும் இருந்து திட்டமிடாத இரு வாயில்களால் வெளியேறிற்று. கத்தரிக்காய்க்குப் பேரம் பேசிய சிக்கனம் இவ்விரு வாயில்களையும் அடைக்கவில்லை.

அன்பளிப்பைப் பற்றி இவ்வாறு கணக்குப் பார்த்தல் தகுமா என்று சிலர் வினவக்கூடும். மார்செல் மோஸ் என்னும் பிரெஞ்சுச் சமூகவியலறிஞர் 1925 ஆம் ஆண்டளவில் வெளியிட்ட ஆய்விலே, பல சமுதாயங்களில் அன்பளிப்பானது கொடுக்கும் கடமை, ஏற்கும் கடமை, திருப்பிக் கொடுக்கும் கடமை என்னும் மூன்றாலும் கட்டுண்டது என்று காட்டினார். நம் இல்லங்களில் இதற்குச் சான்று தேடி வெகுதூரம் செல்லவேண்டியதில்லை. திருமணம் முடிந்த அன்றிரவே உறைகளைப் பிரித்துப் பெயரையும் தொகையையும் கொப்பியில் எழுதிவைக்கும் வழக்கம் நாம் கண்டதே. அக்கொப்பி பேராசையின் அடையாளமன்று; நமக்குச் செய்தவர்க்கு நாம் செய்யத் தவறலாகாது என்னும் நன்றியின் அடையாளம். கூட்டுறவு வங்கிகள் இல்லாத காலத்திலும், பெருஞ்செலவு வந்த வீட்டை ஊரெல்லாம் சிறிது சிறிதாகத் தாங்கிய ஏற்பாடு அது.

எனினும், அவ்வேற்பாடு இன்று இரு காரணங்களால் தளம்புகின்றது. ஒன்று, விலையேற்றம். 2019 இல் ஒருவர் தந்த 5,000 ரூபாவுக்கு ஈடாக இன்று 5,000 ரூபா கொடுத்தால், எண் ஒன்றாயினும் அதன் வாங்கும் வலு ஒன்றன்று. இதனை உணர்ந்தவர் கூட்டிக் கொடுக்கின்றனர். கூட்டிப் பெற்றவர் மேலும் கூட்டுகின்றனர். சம்பளமோ அவ்வேகத்தில் ஏறுவதில்லை. மற்றையது, வெளிநாட்டு வருவாய். கனடாவிலோ இங்கிலாந்திலோ வாழும் உறவினர் தம் வருவாய்க்குத் தக்கதாகக் கொடுக்கும் தொகை அவர்க்குச் சிறிது. அதே வைபவத்தில் உள்ளூர் ஆசிரியர் ஒருவர் அதனோடு ஒப்பிட்டுக் கொடுக்க முயலுதல் தன் வலியறியாமையாகும். உறவின் நெருக்கம் ஒன்றாயிருக்கலாம். வருவாயின் அளவு ஒன்றன்று.

ஆடியிலும் மார்கழியிலும் திருமணங்களைத் தவிர்க்கும் நம்மவர், தை, வைகாசி, ஆவணி முதலிய மாதங்களில் அவற்றை நெருக்கி வைக்கின்றனர். ஆதலால் இச்செலவு எதிர்பாராத செலவு அன்று. பஞ்சாங்கம் முன்னறிவிக்கும் செலவு. அவ்வாறிருந்தும், ஆவணி பிறந்தபின்னரே பல வீடுகள் பணம் தேடுகின்றன. அழைப்பிதழ்கள் மூன்று ஒருங்கே வந்தவிடத்துத் தாயாரின் காப்பு அடகுக்குச் செல்கின்றது. மணமக்கள் பெற்றது 15,000 ரூபாவே. கொடுத்தவர் இழந்ததோ 15,000 ரூபாவும் அதன்மேல் வளரும் வட்டியும், மீட்கத் தவறினாற் காப்புமாகும். அன்பின்பொருட்டுக் கொடுத்ததற்கு வட்டி செலுத்தும் இந்நிலையே அளவறியாக் கொடையின் பயன். அவ்வன்பளிப்பின் பின்னணியை மணமக்கள் அறிவாராயின் அதனை ஏற்க மனங்கொள்ளார்.

கடன் வந்து சேரும் வழியையும் சிறிது ஆராய்தல் வேண்டும். சீட்டு என்பது நம்மவரிடையே பரவிய ஏற்பாடு. பத்துப் பேர் மாதம் 10,000 ரூபா வீதம் இட்டால் 100,000 ரூபா சேரும். ஏலச்சீட்டில் அவசரப்படுபவர் 20,000 ரூபா கழிவுக்குக் கேட்டு 80,000 ரூபாவை எடுக்கின்றார். கழிவு ஏனையோர்க்குப் பகிரப்படுகின்றது. முதலில் எடுப்பவர் கடன்பெறுபவர், இறுதியில் எடுப்பவர் சேமிப்பவர், கழிவே வட்டி. இதிற் குற்றமில்லை. ஆனால் இதன் பிணை நம்பிக்கை ஒன்றே. எழுத்தில்லா நம்பிக்கை முறிந்தவிடத்துப் பணமும் உறவும் ஒருங்கே அழியும்.

தவணைக் கடனில் மற்றொரு மயக்கம் உண்டு. 100,000 ரூபாவை ஆண்டுக்கு 24 வீத 'நிலைவட்டி'க்குப் பெற்று, பன்னிரண்டு சம தவணைகளிற் செலுத்துவதாகக் கொள்வோம். தவணை ஒன்றுக்கு ஏறத்தாழ 10,333 ரூபா. மொத்தம் 124,000 ரூபா. வட்டி 24 வீதமே என்று தோன்றும். ஆனால் ஆறு மாதத்தின்பின் கடனின் பாதியைத் திருப்பியாயிற்று. அப்பொழுதும் முழுத்தொகைக்கே வட்டி கட்டுகின்றோம். குறையும் நிலுவையின்மேற் கணித்தால் உண்மையான வட்டிவீதம் ஏறத்தாழ 42 ஆகும். எனவே கடன் பெறுமுன், "வட்டி எத்தனை வீதம்?" என்று கேட்டல் போதாது, "எந்தத் தொகையின்மேல்?" என்றும் கேட்டல் வேண்டும். 2018 ஆம் ஆண்டில், வறட்சியால் நலிந்த மாவட்டங்களிற் பெண்கள் பெற்ற 100,000 ரூபாவுக்கு உட்பட்ட நுண்கடன்களுக்கு அரசாங்கமே நிவாரணம் அறிவிக்கவேண்டிய நிலை வந்தது. சிறுகடன் என்னும் பெயர் அதன் சுமையையும் சிறிதாக்காது என்பதற்கு இதனிலும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

பரிகாரம் கடினமானதன்று. முதலாவது, வீட்டிலே ஒரு கணக்குக் கொப்பி வைத்தல் வேண்டும். அதில் நாட்செலவு, மாதக் கட்டணம், சிறப்புச்செலவு என மூன்று நிரல்கள் போதும். ஒவ்வொரு சிறு செலவையும் பன்னிரண்டாற் பெருக்கி ஆண்டுத்தொகையை அருகே எழுதுக. இரண்டாவது, அன்பளிப்புக்கென ஆண்டுக்கொரு தொகையை முன்னரே வரையறுத்து, மாதந்தோறும் அதன் பன்னிரண்டிலொரு பங்கை வேறாக வைத்தல் வேண்டும். நம் எடுத்துக்காட்டு இல்லம் மாதம் 6,000 ரூபா வைத்தால் ஆண்டுக்கு 72,000 ரூபா சேரும். அழைப்புகள் பலவாயின் தொகையைக் குறைக்கலாமேயன்றி நிதியைத் தாண்டுதல் ஆகாது. இவ்வாறு 38,000 ரூபாவும், மகனின் இரட்டை டேற்றாச் செலவை நிறுத்துவதால் 18,000 ரூபாவும், ஆக 56,000 ரூபா எஞ்சும். சோற்றிலோ கல்வியிலோ ஒரு சதமும் குறையவில்லை. மூன்றாவது, எஞ்சியதை வீட்டிலே வையாது வங்கியிலோ சிக்கனக் கடனுதவிக் கூட்டுறவுச் சங்கத்திலோ இடுதல் வேண்டும். இந்நாட்டிற் கூட்டுறவுக் கடன் சங்கங்களுக்கான முதற் சட்டம் 1911 ஆம் ஆண்டிலே பிறந்தது. அயலவர் ஒருவரையொருவர் தாங்கும் பழைய பண்பைப் பதிவேட்டோடும் பொறுப்போடும் நடத்துவதே அச்சங்கங்களின் நோக்கம்.

இக்கணக்கைத் தந்தையார் மட்டும் வைத்தல் போதாது. மாதத்தில் ஒருநாள் வீட்டினர் யாவரும் கூடியிருந்து பார்த்தல் வேண்டும். வருவாய் இவ்வளவு என்று அறிந்த பிள்ளை, தன் தொலைபேசிக்குத் தானே அளவு வகுக்கும். அறியாத பிள்ளையோ மறுக்கப்பட்டதையே நினைத்திருக்கும். கல்லூரியில் வட்டியையும் வீதத்தையும் கற்கும் மாணவர்கள் தம் வீட்டு மின்பட்டியலையும் ஒரு கடன் ஒப்பந்தத்தையும் பயிற்சிக் கணக்குகளாக எடுத்துக்கொள்வாராயின், பாடமும் விளங்கும், வீடும் பயன்பெறும். ஆசிரியர்கள் இதனைச் சிந்தித்தல் நன்று.

அன்பளிப்பின் தொகையைக் குறைத்தால் மதிப்புக் குறையுமோ என்னும் அச்சத்துக்கு ஒரு மறுமொழி உண்டு. நம் ஊர்களிற் பணமன்றி உடலுதவியும் கொடையாகவே எண்ணப்பட்டது. பந்தலிட்டவரும், விடியுமுன் எழுந்து மரக்கறி வெட்டியவரும், செத்தவீட்டில் இரவெல்லாம் உடனிருந்தவரும் எந்தக் கொப்பியிலும் எழுதப்பட்டாரல்லர். எனினும் அவரை எந்த வீடும் மறந்ததில்லை. பணத்தாற் கொடுப்பதற்கு அளவு வேண்டும். உடனிருந்து உதவுதற்கு அவ்வளவு வேண்டுவதில்லை. தன் அளவறிந்து கொடுக்கும் இல்லம் இவ்வாண்டும் கொடுக்கும், வரும் ஆண்டும் கொடுக்கும். அளவறியாது கொடுத்த இல்லமோ ஒருநாள் பிறர் கையை எதிர்நோக்கி நிற்கும். சிக்கனம் ஈகைக்குப் பகையன்று; ஈகை நெடுங்காலம் நிலைபெறுதற்கு அதுவே துணை.